மதுரையைச் சுற்றிய மலைகள்: எட்டுக் குன்றும் ஒரே நாளில் முடியுமா?

கேள்வி, கோவை வாசகர், 1 டிசம்பர் 2024

பொங்கலை ஒட்டிக் குடும்பத்தோடு மதுரை வருகிறோம். மீனாட்சி கோயில், மகால் எல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. சமணர் குன்றுகள் எட்டையும் ஒரே நாளில் வேனில் காட்டுவதாக ஒரு டூர்காரர் சொல்கிறார். போகலாமா? யூடியூபில் பார்த்தால் எல்லா மலையும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. நாலு கல் படுக்கை, படிக்க முடியாத எழுத்து, ஒரு நீலப் பலகை. இதைத் தாண்டி அங்கே ஏதாவது இருக்கிறதா?

1 டிசம்பர், இரவு 9.40

போகாதீர்கள்.

முதலில் எந்த எட்டு என்று அவரிடம் கேளுங்கள். பழைய வெண்பா ஒன்று பரங்குன்று, ஒருவகம், பப்பாரம், பள்ளி, அருங்குன்றம், பேராந்தை, ஆனை, இருங்குன்றம் என்று அடுக்குகிறது. பரங்குன்று திருப்பரங்குன்றம். ஆனை ஒத்தக்கடை யானைமலை. இருங்குன்றம் அழகர்மலை. மிச்சம் ஐந்துக்கும் ஆராய்ச்சியாளர்களே ஆளுக்கொரு மலையைக் கை காட்டுகிறார்கள். உங்கள் டூர்காரர் எட்டையும் முடித்துவிட்டார் என்றால் அவருக்கு முனைவர் பட்டமே கொடுக்கலாம்.

அடுத்தது தூரம். கீழவளவு மேலூருக்கும் அப்பால். விக்கிரமங்கலம் நேர் எதிர்த்திசையில், உசிலம்பட்டிப் பக்கம். ஏறி இறங்கி, டீ குடித்து, வேனுக்குள் பிள்ளைகளை எண்ணி ஏற்றவே பொழுது போய்விடும். பத்து மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்தால் மேலே நிற்கவே முடியாது, தை மாதமானாலும்.

ஒரு காலை, ஒரு மலை போதும். முதல்முறை என்றால் கீழக்குயில்குடி.

1 டிசம்பர், இரவு 10.25

ஏன் கீழக்குயில்குடி என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டைக்கு முன்னால் இடப்பக்கம் திரும்ப வேண்டும். மலையடியில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், பழைய ஆலமரங்கள். நேராக மேலே ஏறினால் சிற்ப வரிசை உள்ள பேச்சிப்பள்ளம். மலையைச் சுற்றிக்கொண்டு தென்மேற்குப் பக்கம் போனால் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. வாசலில் பாறையோடு பாறையாக ஒரு பெரிய தீர்த்தங்கரர், சமணர் வணங்கும் குரு, உட்கார்ந்திருக்கிறார். நீண்ட காதைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள்.

உள்ளே நுழைந்து கண் இருட்டுக்குப் பழகும்வரை நில்லுங்கள். பெரும்பாலானவர்கள் செட்டியாரோடு ஒரு செல்ஃபி எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். மேலே, கூரை வளையும் இடத்தில் ஐந்து சிற்பங்கள் வரிசையாக உண்டு. சிங்கத்தின் மேல் வில்லேந்திய ஒரு பெண், எதிரே யானை மேல் ஒரு வீரன். நடுவில் மூன்று தீர்த்தங்கரர்கள். கடைசியில் அமர்ந்த யட்சி, சமணரின் பெண் தெய்வம். அந்த முதல் சிற்பத்தில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. பக்கத்திலேயே மூன்று பேர் எதுவும் காதில் விழாததுபோல உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இந்த மலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2 டிசம்பர், காலை 6.50

செட்டியாருக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. குறண்டியைச் சேர்ந்த அஷ்டோபவாசி படாரரின் மாணாக்கர் குணசேன தேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என்று வரிசை போகிறது. அந்தத் திருமேனியைச் செய்வித்தது யார் பேரால் என்று பாருங்கள்: 'குயிற்குடி ஊரார் பேரால்'. அரசன் பேர் இல்லை, வணிகன் பேர் இல்லை, ஊரார். அதே ஊர்தான் இன்றும் கீழே இருக்கிறது, கீழக்குயில்குடி என்ற பேரோடு.

அதனால்தான் வேனில் ஏறி மலையை மட்டும் தொட்டுவிட்டு ஓடாதீர்கள் என்கிறேன். ஊரையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் பாதிதான் பார்த்த மாதிரி.

3 டிசம்பர், மதியம் 1.15

'எல்லா மலையும் ஒன்றுபோல' என்றதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளத்துக்குப் போனவுடன் அவர்களுக்காக வெட்டிய கல் படுக்கையைப் பார்க்காதீர்கள், அண்ணாந்து பாருங்கள். பாறை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பில், புருவம் மாதிரி ஒரு கோடு வெட்டியிருக்கும். காடி என்பார்கள். மழைத்தண்ணீர் பாறைச் சரிவில் வழிந்து உள்ளே வராமல், அந்த வெட்டில் தடுக்கி வெளியே சொட்டிவிடும். மழை நாளில் போனால் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த வேலை இன்றும் ஓடுவதைப் பார்க்கலாம். வெளியே கொட்டுகிறது, உள்ளே படுக்கை காய்ந்து கிடக்கிறது.

வட்டெழுத்துக்கும் முந்தைய பிராமி எழுத்தும் பெரும்பாலும் அந்தக் காடியை ஒட்டித்தான் வெட்டப்பட்டிருக்கும். காடி தெரிந்தால் எழுத்து தெரியும். காடி எங்கே, எவ்வளவு நீளம், அதன் கீழே எத்தனை பேர் படுக்க இடம் என்று பார்க்க ஆரம்பித்தால் ஒரு மலையும் இன்னொரு மலையும் ஒன்றாகவே இருக்காது. கொங்கர் புளியங்குளத்தில் ஐம்பதுக்கும் மேல் படுக்கைகள். அது விடுதியேதான்.

4 டிசம்பர், இரவு 8.05

'அதெல்லாம் பஞ்சபாண்டவர் வனவாசத்தில் படுத்த இடம், எங்கள் தாத்தா சொல்வார்' என்று எழுதியவருக்கு: உங்கள் தாத்தா மட்டும் இல்லை, இந்தப் பக்கத்தில் எல்லாத் தாத்தாவும் அதைத்தான் சொல்வார்கள். பாண்டவர் ஐந்து பேர்தானே, ஐம்பது படுக்கை எதற்கு என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். 'விருந்தாளி வர மாட்டாங்களா?' என்றார். அதற்கு மேல் என்னிடம் கேள்வி இல்லை.

விளையாட்டு இல்லை, அந்தப் பேர் இருந்ததால்தான் பல படுக்கைகள் உடைபடாமல் தப்பின என்பது என் எண்ணம். பாண்டவர் படுத்த கல்லில் உளி வைக்க யோசிப்பார்கள்.

9 டிசம்பர், இரவு 10.50

இன்று சட்டமன்றத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம். தெரியாதவர்களுக்காக: நாயக்கர்பட்டித் தொகுதி என்ற பேரில் 2,015.51 ஹெக்டேரை ஒன்றிய அரசு ஏலம் விட்டிருக்கிறது. அதற்குள் மேலூர்ப் பக்கத்தில் சமணர் குகை உள்ள அரிட்டாபட்டி வருகிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அதே அரிட்டாபட்டிதான். அந்தத் தலம் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர்.

கோவைக்காரர் கேட்டது சுற்றுலாக் கேள்வி, இது எதற்கு என்று ஒருவர் கேட்பார். மலை இருந்தால்தானே சுற்றுலா.

15 டிசம்பர், மாலை 5.30

காலையில் அரிட்டாபட்டி. மழைக்குப் பிறகு கண்மாயில் தண்ணீர் நிற்கிறது, சுனைகளும் நிரம்பியிருக்கின்றன. பாறையில் பாசி. ரப்பர் செருப்போடு வந்த இரண்டு பையன்கள் உட்கார்ந்தே இறங்கினார்கள், கால்சட்டையின் பின்பக்கம் போச்சு. பிடிப்புள்ள ஷூ போட்டு வாருங்கள். வெறுங்கால் அதைவிட நல்லது, முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டால்.

இங்கே என்ன விசேஷம் என்றால், ஒரே நடையில் மூன்று காலம். கழிஞ்சமலைக் குகையில் தமிழ் பிராமி. அதே மலையில் அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த தீர்த்தங்கரர், வட்டெழுத்தோடு. கொஞ்சம் தள்ளிப் பாண்டியர் கால குடைவரைச் சிவன் கோயில். அந்தக் கோயிலில் பிள்ளையாரும் இருக்கிறார், இலகுலீசரும் இருக்கிறார். பாசுபதர்களின் குருவான இலகுலீசரை நம் ஊரில் அதிகம் பார்க்க முடியாது. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அவரைக் கவனிக்காமல் போகிறவர்கள்தான் நிறைய.

பிராமிக் கல்வெட்டில் ஒன்று 2003-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இவ்வளவு பேர் வந்துபோன மலையில்! கொடை கொடுத்தவர்களில் ஒருவன் நெல்வேலிக்காரன், இன்னொருவன் இலஞ்சிக்காரன். குற்றாலம் பக்கத்து இலஞ்சிதான் அது என்றால், அவ்வளவு தூரத்தில் இருந்தவன் மேலூர்ப் பக்கத்து மலையில் துறவிக்கு இடம் செய்து கொடுத்திருக்கிறான். வியாபாரமோ, உறவோ, ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும்.

15 டிசம்பர், மாலை 6.10

வல்லூறு பார்த்தீர்களா என்று கேட்டவருக்கு: ஒன்று உயரத்தில் வட்டமிட்டது. லகர் என்ற வல்லூறு வகையா, வேறு ஏதாவதா என்று சத்தியம் பண்ண மாட்டேன். சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கும் ஊர். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது மயிலும் மைனாவும். தேவாங்கும் அழுங்கும் (எறும்புத்தின்னி) உண்டு. இரண்டுமே இரவில் நடமாடுபவை, நம் கண்ணில் படாமல் இருப்பதே அவற்றுக்கு நல்லது.

16 டிசம்பர், காலை 9.00

சாப்பாடு பற்றிக் கேட்கிறீர்கள். மலையடியில் ஓட்டல் கிடையாது, எதிர்பார்த்து வராதீர்கள். இட்லியோ தக்காளி சாதமோ கட்டிக்கொண்டு வந்து ஆலமரத்தடியில் சாப்பிடுங்கள், இலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள். நகரத்துக்குத் திரும்பியதும் பருத்திப்பால் குடிக்கலாம். ஜிகர்தண்டா எந்தக் கடையில் என்று தயவுசெய்து இங்கே ஆரம்பிக்காதீர்கள். அதற்குத் தனி இழை இருக்கிறது, போர் இன்னும் ஓயவில்லை.

17 டிசம்பர், காலை 7.20

ஆரம்பித்துவிட்டீர்கள்.

22 டிசம்பர், இரவு 9.15

ஒரு புலம்பல். பேச்சிப்பள்ளம் போகும் படியில் கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கம் நின்று படம் எடுத்தாலும் குறுக்கே ஒரு கம்பி. பாறையில் படி வெட்டியவன் பத்து நூற்றாண்டு தாங்கும்படி வெட்டினான். நாம் அதில் துளை போட்டுத் துருப்பிடிக்கும் இரும்பை நடுகிறோம்.

23 டிசம்பர், இரவு 11.30

அக்கா ஒருவர், 68 வயது, முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், எழுதியிருக்கிறார்: 'தம்பி, அந்தக் கம்பி இல்லாவிட்டால் நான் குணமதியாரைப் பார்த்திருக்க மாட்டேன்.'

பேச்சிப்பள்ளத்தில் எட்டுச் சிற்பங்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. சமணத் துறவி பாகுபலி, ஐந்தலை நாகத்தோடு தீர்த்தங்கரர் பார்சுவநாதர், இன்னும் பலர். பலவற்றின் கீழே யார் செய்வித்தது என்று எழுதியிருக்கும். அதில் ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார். அச்சணந்தி பேர் யானைமலை, அரிட்டாபட்டி, கருங்காலக்குடி என்று பல மலைகளில் இருக்கிறது. இந்தப் பகுதியில் சமணத்தைத் திரும்ப நிமிர்த்திய ஆள். மகன் துறவியாகிப் போன பிறகு அம்மா பேர் கல்லில் நிற்கிறது.

அந்த அம்மாவைப் பார்க்க இந்த அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறார். சரி, கம்பி இருக்கட்டும். நல்ல எவர்சில்வரில் போட்டிருக்கலாம் என்ற அளவுக்கு என் கோரிக்கையைச் சுருக்கிக்கொள்கிறேன்.

23 டிசம்பர், இரவு 11.45

ஏறவே முடியாதவர்களுக்கு யானைமலை அடிவாரம். நரசிங்கத்தில் நரசிங்கப்பெருமாள் குடைவரை தரைமட்டத்திலேயே இருக்கிறது. கி.பி. 770. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி கோயிலைக் குடைய ஆரம்பித்து, முடிப்பதற்குள் இறந்துபோக, அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பி முடித்து வைத்தான். கல்வெட்டே இதைச் சொல்கிறது. பக்கத்தில் லாடன் கோயில், முருகனும் தெய்வானையும் உள்ள குடைவரை.

இந்த யானைமலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கலாம் என்று 2010-இல் ஒரு யோசனை கிளம்பி, ஊர்க்காரர்கள் கொதித்து எழுந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் பசுமை நடை நண்பர்கள் மலைகளுக்கு நடக்க ஆரம்பித்தார்கள். காசு வாங்காமல், சாந்தலிங்கம் ஐயா போன்ற தொல்லியலாளர்களை நிற்கவைத்துப் பேசச் சொல்லி, முடிந்ததும் இட்லி. நான் பார்த்தவற்றில் நடை என்று சொல்லத் தகுந்தது அதுதான். மற்றதெல்லாம் வேன்.

29 டிசம்பர், மதியம் 2.40

கோபமாக எழுதுகிறேன். இன்று ஒரு குகைத்தளத்தில், கல்லூரிப் பிள்ளைகள் போலத் தெரிந்த ஒரு கூட்டம் பிராமி எழுத்துக்குள் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டிருந்தது, படத்தில் 'பளிச்சென்று' தெரியவேண்டுமாம். ஏற்கெனவே தேய்ந்துபோன எழுத்து. இவர்களுக்குத் தெரிந்தபடி கோடு இழுத்துவிட்டால் அடுத்து வருபவன் தப்பான எழுத்தையே படிப்பான். பக்கத்தில் ஆயில் பெயிண்டில் ஓர் இதயம், இரண்டு பேர். அந்தக் காதல் முடிந்திருக்கும், பெயிண்ட் முடியவில்லை.

எழுத்து தெரிய ஒரே வழி, வெளிச்சம் சாய்வாக விழவேண்டும். காலையில் ஏழு மணிவாக்கில் சில இடங்களில் தானாகவே விழும். இல்லாவிட்டால் செல்போன் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் எதுவும் தெரியாது. பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு கீறலுக்கும் நிழல் விழுந்து, வெறும் பாறையில் 'க' சிலுவை மாதிரி எழுந்து நிற்கும். படம் எடுங்கள், கையைப் பாக்கெட்டில் வையுங்கள்.

29 டிசம்பர், மாலை 4.00

'இவ்வளவு கோபம் எதற்கு, சின்னப் பிள்ளைகள்தானே?' சரி. அவர்களிடம் திட்டாமல்தான் பேசினேன். டார்ச் வித்தையைக் காட்டியதும் ஒருத்தி தன் பேரில் உள்ள 'ம'வைக் கண்டுபிடித்துக் கத்தினாள். சாக்பீஸை அவர்களே தூரப் போட்டார்கள். குகைக்குள்ளேயே போட்டார்கள் என்பது வேறு கதை.

7 ஜனவரி 2025, இரவு 10.10

டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் வரை இன்று மக்கள் நடந்தே வந்தார்கள். ஆயிரக்கணக்கில். நான்குவழிச் சாலையில் பாட்டிகள், பச்சைத் துண்டு விவசாயிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். நானும் கொஞ்ச தூரம் கூட நடந்தேன். முன்னால் போன அம்மா மாங்குளம் பக்கம். கல்வெட்டு பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். 'மாடு மேய்க்கையில அந்தக் குகையிலதான் மழைக்கு ஒதுங்குவோம், எழுத்து இருக்குன்னு வர்றவுகதான் சொல்வாக' என்றார்.

10 ஜனவரி, காலை 8.30

கோவைக்காரரே, தேதி பார்த்து வாருங்கள். 14 அவனியாபுரம், 15 பாலமேடு, 16 அலங்காநல்லூர். ஜல்லிக்கட்டு மூன்று நாளும் அந்தந்தப் பக்கச் சாலையில் சிக்கினால் மலையும் இல்லை, மாடும் இல்லை. 17-க்கு மேல் நல்லது.

19 ஜனவரி, இரவு 9.50

கோவைக் குடும்பம் கீழக்குயில்குடி போய்வந்துவிட்டதாம். வேனை ரத்து செய்ததற்கு முன்பணத்தில் பாதி போச்சு, அதை என் கணக்கில் எழுதிவிட்டார். சின்னப் பையன் செட்டியாரைப் பார்த்து 'ஏன் சட்டை போடலை?' என்று கேட்டானாம். மாடு ஓட்டி வந்த ஊர்க்காரர் ஒருவரே பேச்சிப்பள்ளத்துக்கு மேலே இருக்கும் அடித்தளத்தைக் காட்டியிருக்கிறார். அதுதான் மாதேவிப் பெரும்பள்ளி. பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்தில், அவன் தேவி வானவன்மாதேவி பேரில் எழுந்த பள்ளி. இப்போது கல் மேடைதான் மிச்சம். அதற்கும் மேலே, தீபத்தூணுக்குப் பக்கத்தில் பாறையில் கன்னடக் கல்வெட்டு உண்டு. அதுவரை அவர்கள் ஏறவில்லை, பையனுக்குப் பசி.

23 ஜனவரி, இரவு 8.20

டங்ஸ்டன் ஏலம் ரத்து. ஒன்றிய அரசே அறிவித்துவிட்டது. அரிட்டாபட்டியில் வெடி வெடிக்கிறார்கள் என்று நண்பன் போனில் கத்துகிறான். மிச்சம் பிறகு.

26 ஜனவரி, மாலை 6.45

மாங்குளம் (மீனாட்சிபுரம்) போயிருந்தேன். முதல்முறை வருபவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன், ஏற்றம் கடுமை. மேலே ஆறு கல்வெட்டுகள். 1882-இல் ராபர்ட் சீவல் கண்டது. 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இந்த வகை எழுத்தில் இருப்பது தமிழ் என்று சொன்னார். 1960-களில் ஐராவதம் மகாதேவன் நெடுஞ்செழியன் பேரைப் படித்துக் காட்டினார். கணி நந்தாசிரியன் என்ற துறவிக்கு நெடுஞ்செழியனின் ஆள் கடலன் வழுதி பள்ளி வெட்டிக் கொடுத்திருக்கிறான். இன்னொன்றில் வெள்ளறை நிகமத்தார், அதாவது வணிகக் குழு.

துறவி என்றால் ஆள் அரவம் இல்லாத காடு என்றுதான் நினைப்போம். இந்தக் குகைகளோ பெருவழியை ஒட்டியே இருக்கின்றன. கிடாரிப்பட்டிப் பக்கம் அழகர்மலைக் குகையில் கொடை கொடுத்தவர்களைப் பாருங்கள்: உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பொற்கொல்லன். உப்பு, சர்க்கரை, ஏர்க்கொழு, துணி, தங்கம், ஒரு கடைத்தெருவே பேர் வெட்டியிருக்கிறது. பிச்சை எடுத்து உண்பவர் ஊரை விட்டு ரொம்பத் தள்ளிப் போக முடியாது. அவருக்கும் ஊர் வேண்டும், ஊருக்கும் அவர் வேண்டியிருந்திருக்கிறது.

27 ஜனவரி, காலை 7.05

கீழடியையும் அதே நாளில் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: சேர்க்கலாம், வெயில் ஏறிய பிறகு. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் நிழலாக இருக்கும். பானை ஓட்டில் கீறிய ஆட்பேர்களை அங்கே பாருங்கள். காலையில் குகையில் பார்த்த அதே எழுத்து, சமையல் பாத்திரத்தில். கி.மு. 580 என்று ஒரு மாதிரிக்குக் கரிமக் கணிப்பு வந்தது இங்கேதான்.

2 பிப்ரவரி, இரவு 9.30

கருங்காலக்குடி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மேலூர் தாண்டித் திருச்சி நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது, பேருந்து வசதி உண்டு. பாறையும் பெரிய உயரம் இல்லை. படுக்கை, பிராமி, அச்சணந்தி செய்வித்த சிற்பம் மூன்றும் கிடைக்கும். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குரங்கு உண்டு, பையைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்து படிக்காதீர்கள். அடுத்த ஞாயிறு ஆறரைக்கு மேலூர்ப் பேருந்து நிலையத்தில் நிற்பேன், வருகிறவர்கள் இங்கே ஒரு வரி போடுங்கள். ஏழுக்கு மேல் காத்திருக்க மாட்டேன்.